கரிசல் நிலத்தில் கரியமிலவாயு: பிடித்தல், கடத்தல், சேமித்தல் ஆகியவற்றின் பாதுகாப்புத் திட்டமிடல் – அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொழிற்சாலைப் புகையிலிருந்து கரியமிலவாயுவைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்துவதும் நிலத்தடியில் சேமிப்பதும் காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் வழிகளுள் ஒன்றாக முன்வைக்கப்படுகின்றன. இந்தியாவில் இதற்கான கொள்கைச் சட்டகத்தை நிதி ஆயோக் 2022ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. இத்தொழில்நுட்பத்தின் பாதுகாப்பு பற்றிய உரையாடல் பெரும்பாலும் குளிர்நாடுகளின் அனுபவத்தை ஒட்டியே அமைந்துள்ளது. கண்மாய், திறந்த கிணறு, கரிசல் மண், ஆட்டுக்கிடை ஆகியவற்றைக் கொண்ட வானம் பார்த்த பூமிக்கு அவ்வனுபவம் எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தூத்துக்குடியில் இயங்கிய பிடிப்பு ஆலையும், அமெரிக்காவின் சட்டார்ஷியா குழாய் விபத்தும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கரியமிலவாயு, பிடிப்பு ஆலை, குழாய்ப்பாதை, கரிசல், கண்மாய், அவசரநிலைத் திட்டம்.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அமைந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பி வாழும் நிலம். குண்டாறும் அதன் ஓடைகளும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். கண்மாய்களும் கிணறுகளும் வேளாண்மையைத் தாங்குகின்றன. நெசவும் மல்லிகைச் சாகுபடியும் கால்நடை வளர்ப்பும் சீமைக் கருவேலங்கரி மூட்டமும் மக்களின் பிற தொழில்கள். இந்நிலத்திற்கும் கரியமிலவாயுச் சேமிப்புக்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழலாம்.

தொடர்பு சுண்ணாம்புக்கல்லில் தொடங்குகிறது. அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படுகிறது. விருதுநகரை ஒட்டிய ஆர்.ஆர். நகரில் சிமெண்ட் ஆலை பல்லாண்டுகளாக இயங்கி வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் அதன் எடையில் 100க்கு 44 பங்கு கரியமிலவாயுவாக வெளியேறும். இது எரிபொருளின் புகை அன்று. கல்லின் உள்ளேயே இருந்த வாயு. நிலக்கரிக்கு மாற்றாகச் சூரிய ஆற்றலைக் கொண்டுவந்தாலும் கல்லிலிருந்து வரும் இப்பங்கு குறையாது. எனவேதான் உலகெங்கும் சிமெண்ட் தொழில் வாயுப் பிடிப்பைத் தவிர்க்க இயலாத வழியாகக் கருதுகிறது. வட்டாரத்தின் பழைய சுண்ணாம்புக் காளவாசல்களிலும் இதே வேதிவினைதான் நிகழ்ந்தது, அளவுதான் வேறு.

வாயுவின் இயல்பு

கரியமிலவாயு எரியாது, வெடிக்காது. இவ்விரு பண்புகளும் அதனைப் பாதுகாப்பான பொருள் என்று எண்ணத் தூண்டுகின்றன. காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது, நிறமில்லாதது, குறைந்த செறிவில் மணமும் இல்லாதது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் இது பத்து இலட்சத்தில் சற்றேறக்குறைய 420 பங்கு உள்ளது. பணியிடத்தில் எட்டு மணி நேரத்திற்கு 5,000 பங்கு என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 40,000 பங்கு, அதாவது 4 விழுக்காடு, உயிருக்கு உடனடி ஆபத்தை விளைவிக்கும் செறிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. 10 விழுக்காட்டைக் கடந்தால் சில நிமிடங்களிலேயே நினைவிழப்பு நேரலாம். இது வெறும் மூச்சுத்திணறல் அன்று. உயிர்வளி போதுமான அளவு இருப்பினும் குருதியின் அமிலத்தன்மையை உயர்த்தி இவ்வாயு தானே தீங்கு செய்யும்.

இதனைக் குழாயில் கடத்த வேண்டுமாயின் அழுத்தி அடர்த்தியாக்க வேண்டும். இதன் நிலைமாறு வெப்பநிலை 31 பாகை செல்சியசு; நிலைமாறு அழுத்தம் ஏறத்தாழ 74 பார். இவ்விரு எண்களும் இவ்வட்டாரத்திற்குத் தனிப் பொருள் உடையவை. வட ஐரோப்பாவிலோ கனடாவிலோ மண்ணுக்குள் புதைத்த குழாய் அந்த வெப்பநிலையைவிட மிகக் குளிர்ந்திருக்கும்; வாயு அங்கே நிலையான நீர்மமாக ஓடும். தென்தமிழ்நாட்டின் வறண்ட சமவெளியில் புதைகுழியின் வெப்பநிலையே 31 பாகையை ஒட்டி நிற்கும். அந்தப் புள்ளிக்கு அருகில் அழுத்தம் சிறிதளவு மாறினாலும் அடர்த்தி பெரிதும் மாறும். ஆதலால் இயக்க அழுத்தத்தை 74 பாருக்கு மிக மேலே வைத்திருக்க வேண்டும். அளவுமானிகளையும் கசிவறியும் கணிப்பு முறைகளையும் உள்ளூர் மண்ணின் வெப்பநிலையைக் கொண்டே வகுக்க வேண்டும். குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே பெயர்த்து நடுவது இங்கே முதற்பிழையாகும்.

ஒரு கணக்கு இதன் அளவை உணர்த்தும். உள்விட்டம் 30 சென்டிமீட்டர் உள்ள குழாயில் இரண்டு அடைப்பிதழ்களுக்கு இடையே 10 கிலோமீட்டர் தொலைவு இருப்பதாகக் கொள்வோம். 100 பார் அழுத்தத்திலும் 35 பாகை வெப்பத்திலும் அத்துண்டில் ஏறத்தாழ 500 டன் கரியமிலவாயு அடங்கும். அது முழுவதும் வெளியேறினால் சாதாரண அழுத்தத்தில் 2,80,000 கன மீட்டர் அளவுக்கு விரியும். அடைப்பிதழ்களின் இடைவெளியைப் பாதியாக்கினால் இவ்வளவும் பாதியாகும். செலவு கூடும் என்பதற்காக இடைவெளியை நீட்டும் முடிவு பொறியியல் முடிவாகத் தோன்றினாலும், அதன் விளைவைச் சுமப்பவர்கள் குழாயோரத்து ஊரார்.

தூத்துக்குடி ஆலை: ஓர் அண்மைச் சான்று

அருப்புக்கோட்டை வழியாகச் செல்லும் மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையின் மறுமுனையில் இத்தொழில்நுட்பத்தின் முன்னோடி முயற்சி ஒன்று நிகழ்ந்தது. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் அண்டு பெர்டிலைசர்ஸ் நிறுவனத்தின் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை கரியமிலவாயுவைப் பிடிக்கும் அமைப்பு 2016இல் தொடங்கப்பட்டது. கார்பன் கிளீன் சொல்யூஷன்ஸ் நிறுவனம் உருவாக்கிய கரைப்பான் இதில் பயன்பட்டது. அரசு மானியம் இன்றியே அமைக்கப்பட்டது என்பதால் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வாலை உலகச் செய்தியாயிற்று. பிடித்த வாயு, உப்பு, அம்மோனியா ஆகியவற்றுடன் வினைபுரிந்து சோடா சாம்பலாகவும் அம்மோனியம் குளோரைடு உரமாகவும் மாறியது.

பாதுகாப்பு நோக்கில் இவ்வாலையின் சிறப்பு வேறொன்று. வாயு பிடிக்கப்பட்ட வளாகத்திலேயே செலவிடப்பட்டது. ஊர்களைக் கடக்கும் நெடுங்குழாயும் நிலத்தடித் தேக்கமும் அங்கே தேவைப்படவில்லை. நாளொன்றுக்குச் சராசரியாக 164 டன் என்னும் அளவு, உற்பத்தியானவுடன் நுகரப்படும் ஓட்டமாகவே இருந்தது, பெருந்தேக்கமாகச் சேரவில்லை. ஆபத்தான பொருளைக் குறைவாக வைத்திருப்பதே முதற்பாதுகாப்பு என்பது போபால் பேரழிவுக்குப் பின் வேதித்தொழில் கற்ற பாடம். இங்கு அது தொழிலின் அமைப்பிலேயே நிறைவேறிவிட்டது. அத்தகைய ஆலையில் எஞ்சும் ஆபத்துகள் பெரும்பாலும் வேலியின் உட்புறத்தவை: கரைப்பானைச் சூடேற்றும் கோபுரத்தின் நீராவி, தொட்டிகளுக்குள் இறங்கும் பராமரிப்புப் பணியாளர், அம்மோனியா.

ஆனால் இதனைச் சேமிப்பு என்று அழைப்பது பொருந்தாது. சோடா சாம்பல் கண்ணாடி உலைக்குச் சென்று மணலுடன் உருகும்போது அதே கரியமிலவாயு மீண்டும் காற்றில் கலந்துவிடும். பயன்பாடு என்பது காலத்தாழ்வு. நிலையான தீர்வு நிலத்தடிதான் என்பதை ஏற்றால், குழாயும் ஊரும் கணக்குக்குள் வந்துவிடுகின்றன.

பாறையும் வழித்தடமும்

அருப்புக்கோட்டைப் பகுதியின் அடித்தளம் சார்னோகைட், நைஸ் போன்ற பழமையான படிகப் பாறைகளால் ஆனது. இவற்றில் வாயுவைத் தேக்கும் நுண்துளைகள் இல்லை; விரிசல்களில் மட்டுமே நிலத்தடிநீர் நிற்கும். சேமிப்புக்கு வேண்டுவது நுண்துளை மிக்க மணற்பாறையும் அதன்மேல் கசிவைத் தடுக்கும் களிப்பாறை மூடியும். அழுத்தப்பட்ட வாயு அடர்ந்த நிலையிலேயே இருக்க ஏறத்தாழ 800 மீட்டருக்கும் கூடுதலான ஆழம் வேண்டும். நார்வேயின் ஸ்லைப்னர் களத்தில் 1996 முதல் கடலடி மணற்பாறையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் டன் வாயு செலுத்தப்பட்டு வந்தது இத்தகைய அமைப்பில்தான்.

அத்தகைய படிவுப் பாறைகள் கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டத்தில், காவிரிப் படுகையின் தெற்கு உட்படுகையில் உள்ளன. அங்கிருந்து எடுக்கப்படும் இயற்கை எரிவாயுவே வழுதூர் மின்நிலையத்தை இயக்குகிறது. மேற்கே சூளை, கிழக்கே படிவுப் பாறை, இடையே திருச்சுழி. இங்குக் குழாய்ப்பாதைத் திட்டம் எதுவும் இருப்பதாக இக்கட்டுரை கூறவில்லை. நிலவரைபடம் காட்டும் வாய்ப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, திட்டமிடலில் கேட்க வேண்டிய வினாக்களை எழுப்புகிறது. வழித்தடம் தீர்மானிக்கப்பட்ட பின் எழும் வினாக்களுக்கு விடை கிடைப்பது அரிது.

கரிசலின் அசைவு

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். இக்களிமண்ணின் அசைவால் வீட்டுச் சுவர்கள் விரிசல் விடுவதை இப்பகுதியில் கட்டுமானத் தொழில் செய்வோர் நன்கறிவர். புதைகுழாய்க்கும் இதே அழுத்தம் உண்டு. ஆண்டுதோறும் மேலும் கீழும் அசைக்கப்படும் குழாயின் பற்றவைப்பு இணைப்புகள் களைப்புறும். குழாயைச் சுற்றி மணல் நிரப்பி அசைவைத் தணிப்பதும், குழாயின் வளைவைக் காலந்தோறும் அளப்பதும் இங்கே கூடுதல் வசதிகள் அல்ல; அடிப்படைத் தேவைகள்.

மண்ணின் அசைவு வெறும் கற்பனை ஆபத்தன்று. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்னும் சிற்றூருக்கு அருகே 2020 பிப்ரவரி 22ஆம் நாள் மாலையில் 24 அங்குல விட்டமுள்ள கரியமிலவாயுக் குழாய் உடைந்தது. கனமழைக்குப் பின் சரிவு மண் பெயர்ந்து குழாயை இழுத்ததே காரணம் என அந்நாட்டுக் குழாய்ப்பாதைப் பாதுகாப்பு அமைப்பின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கண்டது. ஏறத்தாழ 200 பேர் வெளியேற்றப்பட்டனர், 45 பேர் மருத்துவ உதவி நாடினர், உயிரிழப்பு இல்லை. நிறுவனத்தின் வாயுப்பரவல் கணிப்பில் அந்த ஊர் பாதிப்பு எல்லைக்கு வெளியே இருந்தது. கணிப்பு நிலத்தின் மேடுபள்ளத்தையும் அன்றைய வானிலையையும் உரியவாறு கொள்ளவில்லை. வாயு பள்ளத்தாக்கின் வழியே ஊரை அடைந்தது. தப்பிச் சென்றவர்களின் வாகனங்கள் உயிர்வளி இன்றி நடுவழியில் நின்றன. உள்ளேயே மயங்கிக் கிடந்தவர்கள் மீட்கப்பட்டனர். உள்ளூர் மீட்புப் பணியினருக்குத் தாங்கள் எதிர்கொள்வது எந்த வாயு என்பதே தொடக்கத்தில் தெரியாதிருந்தது.

கண்மாய், கிணறு, கிடை

சட்டார்ஷியாவின் பள்ளத்தாக்குக்கு ஈடாக இங்குள்ளது கண்மாய். சரிவில் ஓடிவரும் நீரைப் பிறைவடிவக் கரையால் தடுத்து நிறுத்துவதே கண்மாயின் வேலை. கனமான வாயுவும் சரிவில் நீரைப் போலவே ஓடும். ஆதலால் நீருக்கென எழுப்பிய கரை, வறண்ட கோடையில் வாயுவையும் தேக்கும். கரைக்குக் கீழ்ப்புறத்து ஊருக்கு அது ஓரளவு அரண்; ஆனால் மடையும் கலுங்கும் திறந்த வாய்கள். கண்மாயின் உட்புறத்திலோ அந்தக் காலத்தில்தான் ஆடுமாடுகள் மேயும், சிறுவர் விளையாடுவர், சீமைக் கருவேலம் வெட்டுவோர் பணிசெய்வர். எனவே பரவல் கணிப்புக்குப் பயன்படும் நிலமட்ட வரைபடத்தில் கண்மாய்க் கரைகளும் வரத்துக் கால்வாய்களும் மடைகளும் தனித்தனியே இடம்பெற வேண்டும். சமவெளி என்று கொண்டு செய்யும் கணிப்பு இங்கே செல்லாது.

இவ்விடத்தில் ஒரு மிகையையும் விலக்க வேண்டும். கரியமிலவாயு பற்றிய அச்சுறுத்தல்களில் கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரி தவறாமல் எடுத்துக்காட்டப்படுகிறது. 1986 ஆகஸ்ட் 21 இரவில் அந்த எரிமலை ஏரி திடீரென வெளியேற்றிய வாயுவால் ஏறத்தாழ 1,700 பேர் இறந்தனர். 200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் நெடுங்காலமாகக் கரைந்து திரண்ட வாயு அது. சில மீட்டர் ஆழமே உடைய கண்மாய் அவ்வாறு ஆகாது; எந்தக் குழாயும் அத்துணை வாயுவைக் கொண்டிராது. நியோஸ் கற்பிப்பது ஒன்றே: இரவின் அமைதியில், காற்றசைவு இல்லாத நேரத்தில், வாயு தாழ்வழியே வெகுதொலைவு செல்லும்.

இரவு என்பது இவ்வட்டாரத்தில் கிடையையும் குறிக்கும். அறுவடைக்குப் பின் உரத்திற்காக நிலங்களில் ஆட்டுக்கிடை அமர்த்துவர். கீதாரிகள் ஆடுகளுடன் திறந்த வெளியில் தரையிலேயே உறங்குவர். கிடை இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். வீடுகளை எண்ணித் தயாரிக்கும் மக்கள்தொகைப் பட்டியலில் இவர்கள் வருவதில்லை. வாயு முதலில் தீண்டுவது தரையோடு கிடப்பவர்களையே என்பதால், திட்டத்தில் விடுபடுவோர் மிகுதியும் பாதிப்புக்கு உரியோராகவும் அமைகின்றனர்.

கிணறு இன்னும் நுட்பமான சிக்கல். பத்து மீட்டர் நீளமும் அகலமும், நீர்மட்டம் வரை பதினைந்து மீட்டர் ஆழமும் உள்ள திறந்த கிணற்றின் வெற்றிடம் 1,500 கன மீட்டர். அதன் காற்றில் 4 விழுக்காடு கரியமிலவாயு கலக்க 60 கன மீட்டர் போதும். எடையில் நூறு கிலோவுக்குச் சற்றே மேல். முன்னர்க் கண்ட குழாய்த்துண்டின் 500 டன்னோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேலும் திறந்த வெளியில் காற்று வாயுவை விரைவில் கலைத்துவிடும். கிணற்றில் அது நாள்கணக்கில் தங்கக்கூடும். விபத்து முடிந்தது என்று அறிவித்து மக்கள் ஊர் திரும்பிய பின், மோட்டாரைப் பார்க்க இறங்குபவர் வீழ்வார். அவரைத் தூக்க இறங்குபவரும் வீழ்வார். வாயு நிறைந்த கிணறுகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் நேரும் மரணங்களில் மீட்கச் சென்றோர் அடுத்தடுத்து இறப்பது நாடறிந்த துயரம்.

கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால் இறங்கலாம் என்பது மரபான சோதனை. உயிர்வளிக் குறைவைக் காட்டுவதில் அது பயன்பட்டுள்ளது. கரியமிலவாயுவுக்கோ அது ஏமாற்றும். 4 விழுக்காட்டிலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். விளக்கு அணையும் செறிவு வரும் முன்னரே மனிதர் உணர்விழக்கலாம். விளக்குச் சோதனையை மூடநம்பிக்கை என்று இகழ்வதால் பயனில்லை. அது எந்த ஆபத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை விளக்குவதே பயன்தரும். குழாய்ப்பாதையோர ஊராட்சிகளில் கையடக்க வாயுமானி வழங்குவதும், விபத்துக்குப் பின் ஒவ்வொரு கிணற்றையும் அளந்து சான்றளித்த பின்னரே பகுதியைத் திறந்துவிடுவதும் திட்டத்தின் உறுப்பாக வேண்டும்.

அடிப்படை அளவீடு

கசிவு ஏற்பட்டதா என்பதை மண்ணிலும் கிணற்று நீரிலும் அளந்தறியலாம். ஆனால் மண்ணும் மூச்சுவிடுகிறது. நெடுங்காலம் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் விழித்துப் பெருமளவு கரியமிலவாயுவை வெளியிடும். ஐப்பசி மழையின்போது கிடைக்கும் இந்த எழுச்சியைக் கசிவு என்று தவறாகக் கொள்ளவும் கூடும். உண்மையான கசிவை மழையின் விளைவு என்று தள்ளிவிடவும் கூடும். எனவே பணி தொடங்கும் முன்னரே ஒரு கோடையையும் ஒரு பருவமழையையும் முழுமையாக உள்ளடக்கிய அளவீடு தேவை. சேமிப்புக் களத்தில் மிகுந்த கவனத்துக்குரியவை பழைய துளைக்கிணறுகளே. அமெரிக்காவின் டெக்கேட்டர் களத்தில் 2024இல் வெளிவந்த கசிவும் பாறை மூடியின் குறையால் அன்று, கண்காணிப்புக் கிணற்றின் உலோக அரிப்பால் நேர்ந்தது. கண்காணிக்க இட்ட துளையே கசிவின் வழியானது கவனிக்கத்தக்கது.

சட்டத்தின் எல்லை

போபாலுக்குப் பின் இந்தியாவில் தொழிலகப் பாதுகாப்புச் சட்டங்கள் வலுப்பெற்றன. தொழிற்சாலைச் சட்டத்தின் 1987ஆம் ஆண்டுத் திருத்தம், ஆபத்துகளையும் அவசரநிலைத் திட்டத்தையும் சுற்றுப்புற மக்களுக்கு வெளியிடும் கடமையை நிர்வாகத்தின் மீது சுமத்தியது. வேதியியல் விபத்துகளுக்கான 1996ஆம் ஆண்டு விதிகள் மாவட்ட அளவில் நெருக்கடிக் குழுக்களை அமைத்தன. அழுத்தக் கலன்களுக்கான 2016ஆம் ஆண்டு விதிகளைப் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு செயற்படுத்துகிறது. பட்டாசுத் தொழிலின் பொருட்டு அவ்வமைப்பின் அலுவலகம் சிவகாசியிலேயே உள்ளது. வேறு பல மாவட்டங்களுக்கு இவ்வாய்ப்பு இல்லை.

இவை அனைத்தும் ஆலையையும் கலனையும் மையமாகக் கொண்டவை. நெடுங்குழாய்களை ஒழுங்குபடுத்தும் 2006ஆம் ஆண்டு வாரியச் சட்டத்தின் சொல்லெல்லை பெட்ரோலியம், பெட்ரோலியப் பொருள்கள், இயற்கை எரிவாயு என்பதோடு நிற்கிறது. கரியமிலவாயு இவற்றுள் எதுவும் அன்று. எரிவாயுக் குழாய்க்கான விதிகளை நீட்டினால் போதும் என்ற கருத்தும் நிறைவளிக்காது. இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, மேலெழும், தீயே அதன் ஆபத்து. கரியமிலவாயு கீழே படரும். உடைப்பின்போது குழாயின் வெடிப்பு நீளவாக்கில் ஓடுவதிலும் அடர்ந்த கரியமிலவாயு கொடியது. வெளியேறும் வாயு மிகக் குளிர்ந்து எஃகை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும். ஈரம் சிறிது கலந்தாலும் கார்பானிக் அமிலம் தோன்றிக் குழாயை உள்ளிருந்து அரிக்கும். தனி விதித்தொகுப்பு இன்றி முதற்குழாய் இடப்படுமாயின், விதிகள் முதல் விபத்துக்குப் பின்னரே எழுதப்படும்.

எச்சரிக்கையின் மொழி

அவசரநிலைத் திட்டம் இறுதியில் ஒலிபெருக்கியில் சொல்லப்படும் சில சொற்களாகவே மக்களை அடைகிறது. 'விஷவாயு' என்று அறிவித்தால் கேட்பவர் மணத்தைத் தேடுவர். மணமில்லை என்றால் ஆபத்தில்லை என்று கொள்வர். கசியும் வாயுவைச் சூழ்ந்து தோன்றும் வெண்மூட்டம் குளிரால் உறைந்த காற்றின் ஈரமே. வறண்ட காற்றில் அது மெலிதாகவே தெரியும். மூட்டத்தின் விளிம்புக்கு அப்பாலும் தீங்கான செறிவு பரவியிருக்கும்.

இதனினும் முதன்மையானது அறிவுரைகளின் முரண். தீ விபத்தில் புகை மேலே சேரும். தரையோடு தவழ்ந்து வெளியேறுக என்பது தீயணைப்புப் பயிற்சியின் பாலபாடம். பட்டாசுத் தொழில் செழித்த இம்மாவட்டத்தில் அது பலமுறை கற்பிக்கப்பட்ட பாடம். கரியமிலவாயுக் கசிவிலோ தவழ்பவர் ஆபத்துக்குள்ளேயே தலையைத் தாழ்த்துகிறார். நிமிர்ந்து, காற்றுக்குக் குறுக்காக நடந்து, கண்மாய்க் கரை போன்ற மேட்டையோ மாடிவீட்டின் மொட்டைமாடியையோ அடைய வேண்டும். வண்டியை நம்பக் கூடாது. குழந்தையைத் தோளுக்குமேல் தூக்க வேண்டும். ஒரே ஊராட்சி அலுவலகச் சுவரில் இவ்விரு அறிவுரைகளும் அருகருகே எழுதப்படும்போது, எந்தச் சங்கொலிக்கு எது என்பது பள்ளி மாணவருக்கும் புரியும்படி வேறுபட வேண்டும். அந்த வேறுபாட்டைச் சோதிக்கும் ஒத்திகை பகலில் மட்டுமன்றிக் காற்றடங்கிய பின்னிரவிலும், ஊருக்குள் மட்டுமன்றிக் கிடை அமர்ந்த புஞ்சையிலும் நடத்தப்பட வேண்டும்.